வீடியோ கேமும் ஒரு கூம்பு ஸ்பீக்கரும்

பெரியதம்பி: சுட்டா ரத்தம் வருமா, வராதா... அத மட்டும் சொல்லும்மா.

ராஜாமணி: வராதுண்ணா.

பெரியதம்பி: செவப்பா ஒண்ணு தெறிக்குதே.

ராஜாமணி: அது நெருப்பு. பிளேனு வெடிச்சா நெருப்புதான தெறிக்கும். கலர் டிவி வேற.

பெரியதம்பி: பிளேனுக்குள்ள ஆளு இருப்பானா?

ராஜாமணி: நான் எறக்கிப் பாக்கலண்ணா.

பெரியதம்பி: கிண்டல் பண்ணாத. அச்சடிச்ச தாள்ல கேட்டிருக்காங்க. ‘கேள்வி ஒன்று. விளையாட்டில் இரத்தம் காட்டப்படுகிறதா?’ நான் இல்லன்னு எழுதி, நாளைக்கு உள்ள ஒரு ஆளு இருந்தான்னு தெரிஞ்சா யாரக் கேப்பாங்க? என்னத்தான் கேப்பாங்க.

ராஜாமணி: ‘இரத்தம் இல்லை. நெருப்பு உண்டு. ஆள் இருக்கிறாரா என்பது தெரியவில்லை.’ இப்படிப் போட்டா?

பெரியதம்பி: ம்... நல்லாருக்குது. இதுக்குத்தான் உன்ன எழுதச் சொன்னேன். எழுது.

ராஜாமணி: உங்க ரிப்போர்ட்ட நான் எழுதறதா? நான் எதிர்க்கட்சிண்ணா. என் வீடியோ கேம் மிஷினுக்குத்தான் உங்க சங்கத்துல சங்கிலி போட்டிருக்காங்க.

பெரியதம்பி: சொல்றது நான். எழுதறது யாரா இருந்தா இன்னா? எனக்குச் சோத்தாங்கை தூக்க வரல.

ராஜாமணி: இன்னாச்சு கைக்கு?

பெரியதம்பி: கொல்லையில புடுங்கன மல்லாட்டை மூட்டை தூக்கனேன். தோள்பட்டை புடிச்சிக்கிச்சு. நீ எழுது ஜல்தி. நாலு மணிக்கு சௌந்தரம் டீச்சர் வந்து தாள வாங்கிக்கினு போயிடுவாங்க.

ராஜாமணி: ஒரு டவுட்டுண்ணா. இந்த மிஷினு புள்ளைங்களுக்கு ஆவுமா ஆவாதான்னு சொல்ல, இவ்ளோ பெரிய திண்டிவனத்துல ஒரு ஆளு கெடைக்கலையா? ஒலக்கூர் பக்கத்துலேர்ந்து பஸ் ஏறி நீங்கதான் வரணுமா?

பெரியதம்பி: பெரிய பொண்ணு இங்க ஸ்கூல்லதான ஒம்பதாவது படிக்கறா. நானும் பெத்தவங்க சங்கத்துல மெம்பரு. கூட்டத்துல டீச்சர் எழுந்து நின்னு கேட்டாங்க... துப்பாக்கி வெளையாட்டப் பத்திச் சொல்றதுக்குத் துப்பாக்கி தெரிஞ்ச ஆளு வேணும், இங்க யாருகிட்ட லைசென்ஸு இருக்குதுன்னு. ஒருத்தரும் கையத் தூக்கல.

ராஜாமணி: நீங்க தூக்கனீங்க.

பெரியதம்பி: நானும் தூக்கல. பக்கத்துல இருந்தவரு என் கையப் புடிச்சித் தூக்கிட்டாரு. வலி உசுரு போச்சு.

ராஜாமணி: லைசென்ஸும் உங்ககிட்ட. சுட்ட பொண்ணும் உங்க சின்னப் பொண்ணு. கேஸும் உங்களுது, தீர்ப்பும் உங்களுது. நல்லாருக்குதுண்ணா சங்கம்.

பெரியதம்பி: பாதிக்கப்பட்ட தகப்பன்தான் பாரபட்சம் இல்லாம சொல்லுவான்னு டீச்சரே சொன்னாங்க.

ராஜாமணி: அப்படியா சொன்னாங்க?

பெரியதம்பி: இந்தாம்மா... உனக்கு ஒரு மிஷினு. எனக்கு ஒரு பொண்ணு. சின்னவ பவுனுக்கு ஜூன்ல இதே ஸ்கூல்ல ஆறாவது சேக்கணும். இந்தத் தாளப் பாத்துட்டுத்தான் அவளுக்கு எடம் குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவோம்னு சொல்லிட்டாங்க. வெளையாட்டா பேசிக்கினு இருக்காத.

ராஜாமணி: எனக்கு மட்டும் வெளையாட்டா? இருவது நாளா மிஷினு பூட்டிக் கெடக்குது. இன்னிக்கு உங்களுக்குக் காட்டறதுக்குத்தான் தொறந்து வுட்டிருக்காங்க. நீங்க ஆவாதுன்னு எழுதனா, நான் மறுபடி விழுப்புரம் போயி தம்பி தையக் கடையில சட்டைக்குக் காஜா எடுக்கணும். நாலு வருஷம் எடுத்துட்டுத்தான் வந்தேன். ஊசிய நெனச்சாலே கண்ணுல தண்ணி வருது.

பெரியதம்பி: சரி சரி... அடுத்தது இன்னா?

ராஜாமணி: ‘பின்னணி’ன்னு நாலு வரி காலியா வுட்டிருக்காங்க.

பெரியதம்பி: ஊருக்கே தெரிஞ்ச சங்கதி.

ராஜாமணி: தாளுக்குத் தெரியாதே.

பெரியதம்பி: எழுது. ‘நடந்து முடிந்த உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில், மேற்படி கிராமத்தில், வேட்பாளர் திரு. சுப்புராயன் அவர்களின் பிரசார ஒலிபெருக்கி...’

ராஜாமணி: கூம்பு ஸ்பீக்கரு.

பெரியதம்பி: ‘...கூம்பு ஒலிபெருக்கி ஒன்று, தென்னை மரத்தில் கட்டப்பட்டிருந்த நிலையில், ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணியளவில் துப்பாக்கியால் சுடப்பட்டுச் சேதமடைந்தது.’

ராஜாமணி: யாரால?

பெரியதம்பி: ...‘பத்து வயதுச் சிறுமி ஒருத்தியால்.’

ராஜாமணி: பேரு?

பெரியதம்பி: பேரு வேணாம்.

ராஜாமணி: ‘இவ்வறிக்கையை எழுதுபவரின் இளைய மகளால்’னு போடட்டா?

பெரியதம்பி: ராஜாமணி...

ராஜாமணி: சும்மா கேட்டேண்ணா. சரி, துப்பாக்கி எப்படி அவ கைக்குப் போச்சு? அதும் பின்னணிதான?

பெரியதம்பி: எலக்‌ஷன் வந்தா லைசென்ஸு துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். திங்கக்கெழம ஒப்படைக்கலாம்னு ஞாயித்துக்கெழம பரண்லேர்ந்து எறக்கித் தொடச்சி வச்சேன். எங்கப்பா பன்னி வெரட்ட வாங்கனது. தண்ணி குடிக்க உள்ள போனேன். படீர்னு சத்தம். வந்து பாத்தா கூரை ஓட்டுல ஓட்டை. ஓட்டப் பொத்துக்கினு போயி, தெருவுல தென்ன மரத்து ஸ்பீக்கர்ல பட்டு, அது ரெண்டாப் பொளந்து தொங்குது.

ராஜாமணி: சுப்புராயன் பேசிக்கினு இருந்தாரா அப்ப?

பெரியதம்பி: அவரு எங்க பேசனாரு. டேப்பு. மூணு நாளா ஒரே டேப்பு. வெடிகாலம் அஞ்சு மணிக்கு ஆரமிச்சா நிறுத்தறதே இல்ல. ஸ்பீக்கர் வாயி நேரா எங்க ஊட்டப் பாத்துக்கினு இருக்கும். எரும கறக்கறத நிறுத்திடுச்சு.

ராஜாமணி: எருமயா?

பெரியதம்பி: எங்கூட்டுக்காரி அஞ்சம்மா சொம்ப எடுத்துக்கினு உக்காருவா. ‘அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே’ன்னு ஆரமிக்கும். அவ்ளோதான், காலத் தூக்கிடும். மூணு நாளு. மடி கல்லாட்டம் கட்டிக்கினு நின்னுச்சு. திருப்பி வைங்க சாமின்னு சுப்புராயன் ஆளுங்கள ரெண்டு வாட்டிப் போயி கேட்டேன். எருமைக்கு ஓட்டு இருக்குதான்னு கேட்டாங்க.

ராஜாமணி: ஸ்பீக்கரு பொளந்ததும் கறந்துச்சா?

பெரியதம்பி: அன்னிக்குச் சாயந்திரமே ரெண்டு சொம்பு... அத எதுக்குக் கேக்கற? பின்னணியில எரும வராது.

ராஜாமணி: சரி, வுடுங்க. சத்தம் கேட்டு ஆளுங்க ஓடியாந்திருப்பாங்களே.

பெரியதம்பி: கொடியோட வந்தாங்க. யாருடா சுட்டதுன்னாங்க. பெரிய ஆளு சுட்டிருந்தா அவ்ளோதான், எதிர்க்கட்சி சதின்னு ஆயிப்பூடும், கேஸு, ஜெயிலு, பேஜாரு. பத்து வயசுப் பொண்ணு தெரியாம எடுத்து அழுத்திட்டான்னு சொன்னேன். குழந்தைன்னதும் கொஞ்சம் எறங்கி வந்தாங்க. ஸ்டேஷன்லயும் கண்டிச்சி அனுப்பிட்டாங்க.

ராஜாமணி: பொண்ணுக்குத் துப்பாக்கி எப்படித் தெரியும்னு ஒருத்தரும் கேக்கலையா?

பெரியதம்பி: கேட்டாங்க.

ராஜாமணி: இன்னா சொன்னீங்க?

பெரியதம்பி: ...திண்டிவனத்துல வீடியோ கேமு ஆடறா, அதுல கத்துக்கினான்னு சொன்னேன்.

ராஜாமணி: அதான் எனக்குச் சங்கிலி.

பெரியதம்பி: அது சங்கம் வரைக்கும் வரும்னு நான் கண்டேனா? வாயில வந்துச்சு, சொன்னேன்.

ராஜாமணி: எதிர்த்து நின்ன விருத்தாசலத்தோட கட்சிக்காரங்க பவுனுக்குப் பொன்னாடை போத்தனாங்களாமே.

பெரியதம்பி: போத்தனாங்க. மேடையில ஏத்தி, ‘எதிரியின் குரலை அடக்கிய இளஞ்சிங்கம்’னாங்க. பொன்னாடை அவளுக்குக் காலு வரைக்கும் வந்துச்சு. தடுக்கி வுழுந்தா.

ராஜாமணி: அவ இன்னா சொன்னா?

பெரியதம்பி: ஒண்ணும் சொல்லல. வாயத் தொறக்காம நின்னா. ...அடுத்த கேள்வி படி.

ராஜாமணி: ‘கேள்வி இரண்டு. சுடப்படுவது மனிதரா, விலங்கா, பிறவா?’

பெரியதம்பி: பிற.

ராஜாமணி: ‘பிற. ஆகாய விமானம்.’

பெரியதம்பி: ஸ்பீக்கரு எங்கயாச்சும் வருதா இதுல?

ராஜாமணி: வராதுண்ணா. வந்தா எலக்‌ஷன் டைம்ல லைன்ல நின்னிருப்பாங்க.

பெரியதம்பி: மூணு?

ராஜாமணி: ‘சுடப்பட்டவர் மீண்டும் எழுகிறாரா?’

பெரியதம்பி: எழுறானா?

ராஜாமணி: பிளேனு எழாது. நாம எழுவோம். ஆடற ஆளுக்கு மூணு உசுரு. ஒண்ணு போனா இன்னொண்ணு வரும்.

பெரியதம்பி: மூணா? எலக்‌ஷன்ல நின்ன ஆளுக்கே ஒரு டெபாசிட்டுதான்.

ராஜாமணி: மூணும் போச்சுன்னா இன்னொரு காசு போட்டா மறுபடி மூணு.

பெரியதம்பி: இது தப்பும்மா. புள்ளைங்க பாத்துட்டு, செத்தா எழுந்துக்கலாம்னு நெனச்சிக்காதா?

ராஜாமணி: காசு போட்டாத்தான் எழுந்துக்க முடியும்னு நெனச்சிக்கும். அது ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தானண்ணா.

பெரியதம்பி: ...அத எழுதாத. ‘எழுகிறார், மூன்று முறை மட்டும்’னு போடு. நாலாவது?

ராஜாமணி: ‘சுடுபவருக்குத் தண்டனை உண்டா?’

பெரியதம்பி: உண்டா?

ராஜாமணி: சுட்டா பாயிண்டு குடுக்கும்.

பெரியதம்பி: சுடாம நின்னா?

ராஜாமணி: பிளேனு வந்து மேல வுழும். செத்துப்பூடுவோம்.

பெரியதம்பி: அப்ப சுடாதவனுக்குத்தான் தண்டனை.

ராஜாமணி: அப்படியே எழுதட்டா?

பெரியதம்பி: எழுது. உள்ளத உள்ளபடி எழுதணும்.

ராஜாமணி: உள்ளத உள்ளபடி... சரிண்ணா. ‘கேள்வி ஐந்து. இவ்விளையாட்டை ஆடும் குழந்தை, உண்மையான துப்பாக்கியைக் கையாளக் கற்றுக்கொள்கிறதா?’ இதுக்குத்தான உங்கள அனுப்பனது. உக்காருங்க முக்காலியில. ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க.

பெரியதம்பி: நான் எதுக்கு ஆடணும்? நீ ஆடனத பாத்தேனே.

ராஜாமணி: ஒரு குச்சி, ஒரு பட்டன். கட்டைவெரல் போதும். தோளே வேணாம்.

பெரியதம்பி: வேணாம்மா. கண்ணு கூசுது.

ராஜாமணி: ஒண்ணு பண்ணுங்க. உங்க கொடய எடுங்க. அத துப்பாக்கின்னு வச்சிக்கினு, எப்படிப் புடிக்கணும்னு காட்டுங்க. நான் ரெண்டும் ஒண்ணான்னு பாத்து எழுதறேன்.

பெரியதம்பி: இப்படி... பின்கட்டைய இங்க, தோள் குழியில அழுத்தி வச்சிக்கணும். கன்னத்த இதுல சாச்சிக்கணும். எடதுகை முன்ன. மூச்ச நிறுத்திட்டு... ஆ...

ராஜாமணி: இன்னாண்ணா?

பெரியதம்பி: ஒண்ணுமில்ல. தோளு.

ராஜாமணி: கொடைக்கே இப்படி வலிக்குதா?

பெரியதம்பி: மல்லாட்டை மூட்டைன்னு சொன்னேனே.

ராஜாமணி: மூட்டைய முதுகுல தூக்குவாங்க. இல்லாட்டி தலையில. தோள் குழியில எந்த ஊர்லண்ணா தூக்கறாங்க? ஒரு கேள்வி. தாள்ல இல்லாத கேள்வி. சுடறப்ப துப்பாக்கி பின்னால ஒதைக்குமா?

பெரியதம்பி: ஒதைக்கும். ஒழுங்கா அழுத்திப் புடிக்கலன்னா எலும்பையே நவுத்திடும்.

ராஜாமணி: பெரிய ஆளுக்கே அப்படியா? பவுனு அந்த முக்காலிய வுடக் கொஞ்சம் ஒசரம். அவளுக்கு ஒண்ணும் ஆவலையா?

பெரியதம்பி: அவ... கீழ வுழுந்தா.

ராஜாமணி: அது பொன்னாடை தடுக்கின்னு சொன்னீங்களே.

பெரியதம்பி: சுட்டப்பவும் வுழுந்தா.

ராஜாமணி: தோள்ல அடி?

பெரியதம்பி: கொழந்த ஒடம்பு. ஒடனே ஆறிடுச்சு.

ராஜாமணி: உங்களுக்குத்தான் இருவது நாளைக்கு மேல ஆகியும் ஆறல.

பெரியதம்பி: நீ இன்னாம்மா, ரிப்போர்ட் எழுதச் சொன்னா போலீஸாட்டம் கேட்டுக்கினு இருக்க?

ராஜாமணி: நான் போலீசு இல்லண்ணா. சொல்றேன், கோச்சிக்காதீங்க. அந்த முக்காலி யாருக்காகப் போட்டது தெரியுமா? பவுனுக்காக. கீழ நின்னா பட்டன் எட்டல. அந்த ஞாயித்துக்கெழம காலையில ஒம்பதரைக்கு அவ மாமங்காரரு கொண்டாந்து இங்க வுட்டுட்டு, வெதக் கடைக்குப் போனாரு. பன்னண்டு மணி பஸ்ஸுக்குத்தான் வந்து கூட்டிக்கினு போனாரு. உங்க ஸ்பீக்கரு பதினோரு மணிக்குப் பொளந்துச்சு. பதினோரு மணிக்கு உங்க பொண்ணு இந்த முக்காலி மேல நின்னுக்கினு, என்னாண்ட தண்ணி கேட்டா.

பெரியதம்பி: மொதல்லேர்ந்தே தெரியுமா உனக்கு?

ராஜாமணி: சங்கிலி போட்ட அன்னிக்கே தெரியும்.

பெரியதம்பி: அப்பறம் ஏன் கம்முனு இருந்த? இருவது நாளு, பொழப்பு போயி... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே அவுத்து வுட்டிருப்பாங்களே.

ராஜாமணி: சொல்லத்தான் இருந்தேன். பொடவைய மாத்திக்கினு சங்கத்துக்குக் கெளம்பி நிக்கறேன்... பவுனு வந்துட்டா. ஸ்கூலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, தனியா பஸ் ஏறி வந்திருக்கறா. ‘அக்கா, நான் இங்க இருந்தேன்னு சொல்லிடாத. சொன்னா எங்கப்பாவ ஜெயில்ல போட்டுருவாங்க’ன்னா. கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினு போனா.

பெரியதம்பி: பவுனா?

ராஜாமணி: பொடவைய அவுத்து மடிச்சி வச்சிட்டேன்.

பெரியதம்பி: அவ என்னாண்ட ஒண்ணுமே சொல்லலையே. பஸ்ஸுலேர்ந்து எறங்கி வந்தா, ஊட்டாண்ட கூட்டம். சுட்டுட்டுப் பயந்து ஓடிட்டான்னு அவங்களாண்ட சொல்லி வச்சிருந்தேன். நான் ஓடிப் போயி, ‘எதக் கேட்டாலும் தலைய ஆட்டும்மா’ன்னேன். ஆட்டனா. இன்னிய வரைக்கும் எதுக்குன்னு கேக்கல.

ராஜாமணி: பத்து வயசுல கேக்காத புள்ளைங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்ண்ணா.

பெரியதம்பி: கை தவறிடுச்சு ராஜாமணி. தோட்டா உள்ள இருக்கறது மறந்துட்டேன். தொடைக்கறப்ப வெடிச்சிக்கிச்சு. வேணும்னு பண்ணல.

ராஜாமணி: நான் வேணும்னு பண்ணீங்கன்னு சொல்லலையே.

பெரியதம்பி: சரி, இப்ப இன்னா பண்ணலாம்? நான் இந்த கேமு நல்லது, புள்ளைங்க ஆடலாம்னு எழுதிடறேன். நாலு மணிக்கு உன் சங்கிலி அவுந்துடும். நீ விழுப்புரம் போவ வேணாம். சரிதான?

ராஜாமணி: எனக்குச் சரிதான். நேத்து வரைக்கும் நானும் அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். பவுனு?

பெரியதம்பி: பவுனுக்கு இன்னா?

ராஜாமணி: யோசிச்சிப் பாருங்க. கேமு கெட்டதுன்னு எழுதனா, பவுனு கேமால கெட்டுப்போன பொண்ணு. கெட்டுப்போன பொண்ணுக்கு எடம் குடுப்பாங்களா?

பெரியதம்பி: அதான் நல்லதுன்னு...

ராஜாமணி: நல்லதுன்னு எழுதனா? கேமு கெடுக்கல, யாரும் கத்துக் குடுக்கல, தானாவே துப்பாக்கி எடுத்துச் சுட்டிருக்கறா. பொறவியிலயே அப்படின்னு ஆயிப்பூடும். அதுக்கு கெட்டுப்போன பொண்ணே தேவல.

பெரியதம்பி: ரெண்டுல ஒண்ணு எழுதித்தான ஆவணும்.

ராஜாமணி: நீங்க ரெண்டுல எத எழுதனாலும் மிஷினுதான் தப்பிக்கும், இல்லாட்டி நீங்க தப்பிப்பீங்க. பவுனு தப்பிக்க அந்தத் தாள்ல எடமே இல்ல.

பெரியதம்பி: லைசென்ஸு போயிடும்மா.

ராஜாமணி: போவும்.

பெரியதம்பி: சுப்புராயன் ஆளுங்க சும்மா வுடமாட்டாங்க.

ராஜாமணி: வுடமாட்டாங்க.

பெரியதம்பி: நீ ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லேன்.

ராஜாமணி: எழுதறவ நான்தான. கையெழுத்து அழகா வர்ற மாதிரி எழுதறேன். மணி மூணே முக்கால்ண்ணா.

பெரியதம்பி: அஞ்சாவது கேள்விக்கு எழுது. ‘கற்றுக்கொள்ளவில்லை. இவ்விளையாட்டில் துப்பாக்கியே இல்லை. ஒரு குச்சியும் ஒரு பொத்தானும் மட்டுமே உள்ளன.’

ராஜாமணி: ம்.

பெரியதம்பி: அதுக்குக் கீழ ‘முடிவுரை’ இருக்குதா?

ராஜாமணி: அடுத்த பக்கத்துல இருக்குது.

பெரியதம்பி: அதுல எழுது. ‘மேற்படி ஒலிபெருக்கியைச் சுட்டது என் மகள் அல்ல. அந்நேரம் அவள் திண்டிவனத்தில் இருந்தாள். துப்பாக்கியைத் துடைக்கும்போது கை தவறி வெடித்தது. வெடிக்கச் செய்தவன் நான். கூரை ஓட்டைப் பொத்துக்கொண்டு போய் ஒலிபெருக்கியில் பட்டது. பயத்தால் மகளின் பெயரைச் சொன்னேன்...’

ராஜாமணி: நிறுத்திட்டீங்க.

பெரியதம்பி: ‘...அவள் பெயரைச் சொன்னதற்கு, அவளுக்கும், இந்த இயந்திரத்தின் உரிமையாளருக்கும், தண்டனை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. இது உண்மை.’ கொண்டா, எடது கையால கையெழுத்துப் போடறேன்.

ராஜாமணி: கோழி கிளறன மாதிரி வந்திருக்குது.

பெரியதம்பி: இருக்கட்டும். யாரோ வர்றாங்க பாரு.

சௌந்தரம்: ராஜாமணி, முடிஞ்சிதா? அஞ்சு மணிக்குக் கூட்டம். பெரியதம்பி சார், உங்களுக்குத்தான் சிரமம்.

பெரியதம்பி: சிரமம் ஒண்ணுமில்லைங்க டீச்சர்.

சௌந்தரம்: குடுங்க பார்ப்போம். ‘இரத்தம் இல்லை. நெருப்பு உண்டு. ஆள் இருக்கிறாரா என்பது தெரியவில்லை.’ சரி. ‘எழுகிறார், மூன்று முறை மட்டும்.’ ம். ‘சுடாதவருக்குத் தண்டனை உண்டு.’ இது என்ன புதுசா இருக்கு... இருங்க, கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சிடறேன்.

ராஜாமணி: டீச்சர், ஒக்காந்து படிங்க. முக்காலி இருக்குது.

சௌந்தரம்: ‘மேற்படி ஒலிபெருக்கியைச் சுட்டது என் மகள் அல்ல...’

ராஜாமணி: தண்ணி வேணுமா டீச்சர்?

சௌந்தரம்: இதை யார் எழுதினது?

பெரியதம்பி: எழுத்து இவங்களுது. சொன்னது நானு. கையெழுத்தும் என்னுதுதான், எடது கை.

சௌந்தரம்: இதைக் கூட்டத்துல படிச்சா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?

பெரியதம்பி: லைசென்ஸு போவும். பன்னிக்கு நான் தகர டப்பா தட்டிக்கறேன்.

சௌந்தரம்: சுப்புராயன்?

பெரியதம்பி: நாளைக்குக் காலையில நானே போயி நிக்கறேன். தலையாட்டச் சொல்லி யாரையும் கூட்டிக்கினு போவல.

சௌந்தரம்: அந்தப் பொன்னாடை?

பெரியதம்பி: அதத் திருப்பிக் குடுக்க முடியாதுங்க டீச்சர். அஞ்சம்மா எருமைக்குப் போத்திட்டா. கொசு.

சௌந்தரம்: பவுனுவை ஜூன் முதல் வாரம் கூட்டிக்கிட்டு வாங்க. டி.சி.யோட. நான் இருக்கிற நேரமா வாங்க.

பெரியதம்பி: சரிங்க டீச்சர்.

சௌந்தரம்: ராஜாமணி, சங்கிலிச் சாவி உன்கிட்டயே இருக்கட்டும். ஸ்கூல் நேரத்துல மட்டும் யாரையும் உள்ளே விடாதே. பெத்தவங்க துணை இல்லாம சின்னப் பிள்ளைங்களை விடாதே.

ராஜாமணி: எழுதியே மாட்டிடறேன் டீச்சர்.

சௌந்தரம்: இரு... ஆறாவது கேள்விக்கு ஒண்ணும் எழுதலையே.

ராஜாமணி: ஆறா? அஞ்சோட நிறுத்திட்டமா... பக்கத்தத் திருப்பறப்ப பாக்கல டீச்சர்.

சௌந்தரம்: காலியா இருந்தா கூட்டத்துல ஒத்துக்க மாட்டாங்க. நானே எழுதிக்கறேன், சொல்லுங்க. ‘சுட்டபின், ஆடுபவருக்கு மகிழ்ச்சி உண்டாகிறதா?’

ராஜாமணி: அண்ணன் ஒரு ஆட்டங்கூட ஆடல டீச்சர். தோள் வலி. ‘தெரியவில்லை’ன்னு போட்டுடுங்க.

பெரியதம்பி: உண்டாகிறதுன்னு எழுதிக்கங்க டீச்சர்.

சௌந்தரம்: ஆடவே இல்லைங்கறாளே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெரியதம்பி: எனக்குத் தெரியுங்க. மனசு நெறைய உண்டாகுது. அன்னிக்கு ராத்திரிதான் நான் ஒழுங்காத் தூங்கனேன்.

சௌந்தரம்: கை தவறி வெடிச்சதுல என்ன சார் மகிழ்ச்சி?

பெரியதம்பி: கை தவறுனது கூரை ஓட்டுல பட்டதுங்க டீச்சர். ஸ்பீக்கர்ல பட்டது... வாசலுக்கு வந்து போட்ட ரெண்டாவது தோட்டா.